ஓசிஆர்-மை-பிடிஎஃப் நிறுவல்: பிப் மட்டும் போதுமா?

கேள்வி: 14 ஜனவரி 2024, மாலை 6.05

பைத்தான் கருவி என்றால் 'பிப் இன்ஸ்டால்' என்று ஒரு வரி தட்டினால் வேலை முடிந்தது என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய தமிழ் இதழ்களுக்குள் சொல் தேட வேண்டும் என்பதற்காக ஓசிஆர்-மை-பிடிஎஃப் கருவியை டெபியன் 12 லினக்ஸ் கணினியில் நிறுவப் பார்த்தேன். 'இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்று முதலில் மறுத்தது. அதை மீறி நிறுவினால் டெசராக்ட் இல்லை என்றது. டெசராக்டையும் நிறுவினால் 'டாம்' என்ற மொழிக்கு, அதாவது தமிழுக்கு, தரவு இல்லை என்றது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்லும் கருவியை எப்படி நம்புவது? பேசாமல் டெபியனின் சொந்த நிறுவியான ஆப்ட் வழியாகவே நிறுவியிருக்க வேண்டுமோ?

14 ஜனவரி 2024, இரவு 10.20

மூன்று காரணங்களும் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல. முதல் மறுப்பு டெபியனுடையது. இரண்டாவதைச் சொன்னது கருவி. மூன்றாவதையும் கருவிதான் சொன்னது, ஆனால் டெசராக்டிடம் கேட்டுவிட்டுச் சொன்னது.

ஓசிஆர்-மை-பிடிஎஃப் தானாக ஓர் எழுத்தைக்கூடப் படிப்பதில்லை. பக்கத்தைப் படமாக்கித் தருவது கோஸ்ட்ஸ்கிரிப்ட். அந்தப் படத்தைப் படித்து எழுத்தாக்குவது டெசராக்ட். கிடைத்த எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியாத அடுக்காகப் பக்கத்தில் பொருத்திக் கோப்பைக் கட்டி முடிப்பது மட்டுமே பைத்தான் பகுதியின் வேலை. பிப் கொண்டுவருவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். டெசராக்ட் 1985 முதல் 1994 வரை ஹெச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் திறமூலமாக வெளிவந்த தனி நிரல். அதற்கும் பைத்தானுக்கும் எந்த உறவும் இல்லை. ஆகவே பிப் அதைக் கொண்டுவரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

நான் பின்பற்றும் வரிசை உங்களுடையதற்கு நேர் எதிரானது. முதலில் ஆப்ட் வழியாக 'டெசராக்ட்-ஓசிஆர்', 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்', 'கோஸ்ட்ஸ்கிரிப்ட்' ஆகிய மூன்று பொதிகளையும் நிறுவுகிறேன். பிறகு 'டெசராக்ட் --லிஸ்ட்-லாங்ஸ்' என்று தட்டி, வரும் பட்டியலில் 'டாம்' இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறேன். அது இருந்தால்தான் பைத்தான் பக்கம் போகிறேன். ஆங்கிலத்துக்கான தரவும், பக்கத்தின் திசையை அறிய உதவும் 'ஓஎஸ்டி' தரவும் முதல் பொதியுடனேயே வந்துவிடுகின்றன. தமிழைத்தான் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டளைகளை இங்கே ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கருவியின் பெயரில் நான் இடும் கோடுகள் படிக்க வசதியாக இட்டவை, அவற்றைத் தட்ட வேண்டாம்.

15 ஜனவரி 2024, காலை 7.10

இரவு ஒன்றை விட்டுவிட்டேன். 'அதை மீறி நிறுவினால்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எதை வைத்து மீறினீர்கள்? '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற விருப்பத்தையா? அதன் பெயரே 'அமைப்பின் பொதிகளை உடை' என்பதுதான். இவ்வளவு வெளிப்படையாக எச்சரிக்கும் விருப்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனாலும் அதை நானும் ஒருமுறை பயன்படுத்தினேன்.

2023 ஜூனில் டெபியன் 12 வெளியானபோது பெப் 668 என்ற விதி அதில் நடைமுறைக்கு வந்தது: கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் எதை வைப்பது என்பதை ஆப்ட் மட்டுமே தீர்மானிக்கும், பிப் அங்கே கை வைக்கக் கூடாது. எனக்கு அது வீண் கெடுபிடியாகத் தோன்றியதால், நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் சேர்த்து மேற்படி விருப்பத்தையும் கொடுத்து நிறுவினேன். கருவி நன்றாகவே ஓடியது. நான்கு நாள் கழித்து, நூலட்டைப் படங்களைச் சிறிதாக்குவதற்காக நானே எழுதி வைத்திருந்த இருபது வரி நிரல் 'ஆன்டிஅலையாஸ் என்று ஒன்று இல்லை' என்று நின்றுவிட்டது. அந்த நிரலை நான் பல மாதங்களாகத் தொட்டதே இல்லை.

நடந்தது இதுதான். ஓசிஆர்-மை-பிடிஎஃப் கருவிக்குப் பில்லோ என்னும் பட நூலகம் தேவை. டெபியன் 12-இல் ஆப்ட் தந்தது பில்லோ 9.4, பிப் கொண்டுவந்தது பில்லோ 10, அதாவது 'ஆன்டிஅலையாஸ்' என்ற பழைய பெயரை அடியோடு நீக்கிய பதிப்பு. சூடோவுடன் நிறுவியது 'யூஎஸ்ஆர்-லோக்கல்' அடைவுக்குப் போகிறது, பைத்தானோ அந்த அடைவை முதலில் பார்க்கிறது. ஆகவே ஆப்ட் வைத்த பில்லோ இருந்த இடத்திலேயே இருந்தும், புதியது அதை மறைத்துக்கொண்டு நின்றது. பிப் வழியாகவே பில்லோவை நீக்கியதும் பழையது மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது, என் நிரலும் ஓடியது.

நல்ல வேளையாகக் கெட்டது என் சொந்த நிரல்.

21 ஜனவரி 2024, மதியம் 1.30

பிப்எக்ஸ் என்ற வேறொரு நிறுவி வழியாக நிறுவிய பின்னும் 'கட்டளை கிடைக்கவில்லை' என்று வருவதாகக் கேட்டிருந்தீர்கள்.

பிப்எக்ஸ் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி, அதற்கு வேண்டிய நூலகங்களை அங்கேயே வைத்துப் பூட்டிவிடுகிறது. கட்டளையின் பெயரை மட்டும் உங்கள் வீட்டு அடைவில் உள்ள '.லோக்கல்/பின்' என்னும் இடத்தில் தொங்கவிடுகிறது. என் பில்லோவும் கருவியின் பில்லோவும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. ஆனால் முனையம் கட்டளைகளைத் தேடும் 'பாத்' பட்டியலில் அந்த அடைவு இருக்க வேண்டும். டெபியனின் '.ப்ரொஃபைல்' கோப்பு அதைச் சேர்க்கத்தான் செய்கிறது, ஆனால் நீங்கள் உள்நுழையும் நேரத்தில் அந்த அடைவு ஏற்கெனவே இருந்தால் மட்டும். உங்கள் கணினியில் அது இன்று காலைதான், நீங்கள் உள்நுழைந்து வெகு நேரம் கழித்து, பிறந்திருக்கிறது. ஆகவே வெளியேறி மீண்டும் உள்நுழைந்தாலே போதும். அப்போதும் வராவிட்டால் 'பிப்எக்ஸ் என்ஷ்யூர்பாத்' என்று ஒருமுறை தட்டிவிட்டு, முனையத்தை மூடித் திறக்கலாம்.

ஆப்ட் வழியாகவே நிறுவியிருக்க வேண்டுமோ என்ற உங்கள் முதல் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது நினைவிருக்கிறது. டெபியன் 12-இல் ஆப்ட் தருவது கருவியின் 14-ஆம் பதிப்பு வரிசை. பிப்எக்ஸ் தருவது 16-ஆம் வரிசை. இன்றைக்குப் பிப்எக்ஸ் என்றே சொல்வேன்.

3 பிப்ரவரி 2024, இரவு 11.45

இன்று அப்பாவின் கட்டுத் தொகுதிகளில் 1964-ஆம் ஆண்டு இதழ்களை ஓட்டத் தொடங்கினேன். முதல் கோப்பிலேயே, ஏற்கெனவே எழுத்து இருக்கிறது என்று சொல்லி நின்றது. வெளியேறும் குறியீட்டு எண் 6. ஸ்கேன் செய்து கொடுத்த நண்பர் முகப்பாக ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்து சேர்த்திருந்தார்; அந்த ஒரு பக்கத்துக்காகக் கோப்பு முழுவதையும் மறுத்துவிட்டது. 'எழுத்து உள்ள பக்கத்தை விட்டுவிடு' என்று பொருள்படும் '--ஸ்கிப்-டெக்ஸ்ட்' விருப்பத்தைக் கொடுத்தேன். உடனே வேறொரு மறுப்பு, இம்முறை எண் 3. கோஸ்ட்ஸ்கிரிப்டின் 10.0.0 முதல் 10.02.0 வரையிலான பதிப்புகள் எழுத்துள்ள பக்கங்களைக் கெடுத்துவிடும், ஆகவே புதிய பதிப்புக்கு மாறு, அல்லது இன்னதைச் செய், அல்லது இன்னதைச் செய் என்று நீண்ட செய்தி. டெபியன் 12-இல் இருப்பது சரியாக 10.0.0.

கடைசியாகச் சொன்ன வழியான '--ஃபோர்ஸ்-ஓசிஆர்' கொடுத்தேன், ஓடுகிறது. எல்லோரும் அதையே கொடுங்கள்.

4 பிப்ரவரி 2024, காலை 6.30

மேலே உள்ள கடைசி வரியைப் பின்பற்ற வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் எழுதிய அறிவுரை.

'--ஃபோர்ஸ்-ஓசிஆர்' ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாகப் படமாக்கிவிட்டு, அந்தப் படத்தைப் படிக்கிறது. நண்பரின் முகப்புப் பக்கம் இப்போது எழுத்தாக இல்லை. சற்றே மங்கிய புகைப்படமாக இருக்கிறது, அதிலிருந்த அவருடைய பெயரை டெசராக்ட் தவறாக வேறு படித்திருக்கிறது. இரவு பதினொரு கோப்புகளை ஓட்டினேன். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்திருந்ததால் மூலங்கள் போய்விட்டன. கருவி அதை அனுமதிக்கிறது, நான் அதைச் செய்திருக்கக் கூடாது. நண்பரிடம் மீண்டும் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தச் செய்தியில் இருந்த நடு வழியே சரியானது: '--அவுட்புட்-டைப் பிடிஎஃப்'. வழக்கமாகக் கருவி, நீண்ட காலப் பாதுகாப்புக்கான பிடிஎஃப்-ஏ வடிவில் கோப்பை எழுதுகிறது, அந்த வடிவமாற்றத்தைக் கோஸ்ட்ஸ்கிரிப்டிடம் ஒப்படைக்கிறது. எழுத்து கெடுவது அங்கேதான். சாதாரண பிடிஎஃப் போதும் என்று சொல்லிவிட்டால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் பக்கத்தைப் படமாக்கிக் காட்டுவதோடு ஒதுங்கிக்கொள்கிறது. '--ஸ்கிப்-டெக்ஸ்ட்' விருப்பத்துடன் இதையும் சேர்த்துக் கொடுத்தேன், மீதி இதழ்கள் சரியாக வந்தன.

18 பிப்ரவரி 2024, மாலை 5.15

'இத்தனை விருப்பங்களையும் ஒவ்வொரு முறையும் தட்டுவதா, அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது?' என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் அரை நாள் தேடினேன். அப்படி ஒரு கோப்பு இந்தக் கருவிக்கு இல்லை. எல்லாவற்றையும் கட்டளை வரியிலேயே சொல்ல வேண்டும். முதலில் இது குறையாகப் பட்டது. பிறகு ஒரு ஷெல் நிரலை எழுதி வைத்தேன், குறை தெரியவில்லை. மொழிக்கு '-எல் டாம்', கோணலை நிமிர்த்த '--டெஸ்க்யூ', தலைகீழ்ப் பக்கங்களைத் திருப்ப '--ரொட்டேட்-பேஜஸ்', எழுத்தைத் தனிக் கோப்பாகவும் பெற '--சைட்கார்', நான்கு ஜிபி நினைவகம் உள்ள என் பழைய கணினி மூச்சுத் திணறாமல் இருக்க '--ஜாப்ஸ் 2', கூடவே மேலே சொன்ன இரண்டும். உள்ளீட்டுப் பெயரும் வெளியீட்டுப் பெயரும் ஒன்றாக இருந்தால் ஓட மறுக்கும் ஒரு வரியையும் சேர்த்தேன். ஏன் என்பது மேலே இருக்கிறது.

லினக்ஸில் கோப்பின் பெயர் தமிழில் இருக்கலாம் என்பதால் அந்த நிரலுக்கு 'எழுத்தாக்கு' என்று பெயர் வைத்தேன். முனையத்தில் 'எழுத்தாக்கு' என்று தட்ட, அது ஓடியது, மிகுந்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி இரண்டு நாள் நீடித்தது. கட்டளைக்குத் தமிழ் விசைப்பலகை, கோப்பின் பெயருக்கு ஆங்கில விசைப்பலகை என்று மாற்றி மாற்றித் தட்டியதில் சலித்துப்போய், இப்போது அதன் பெயர் இரண்டு ஆங்கில எழுத்துகள்.

'--சைட்கார்' பற்றி ஒரு சொல். விட்டுவிட்ட பக்கங்களின் எழுத்து அந்தத் தனிக் கோப்பில் வராது. 'இத்தனையாவது பக்கம் விடப்பட்டது' என்ற குறிப்பு மட்டுமே வரும். ஒரு பக்கம் தொலைந்துவிட்டது என்று நினைத்து நான் தேடிக்கொண்டிருந்தேன்.

9 மார்ச் 2024, இரவு 9.00

டெசராக்டின் மொழித் தரவில் வேகமானது, சிறந்தது என்று தரங்கள் உண்டு. டெபியன் பொதியில் வருவது வேகமானது. சிறந்ததைப் போட்டுப் பார்க்கலாம் என்று 'டாம்' தரவுக் கோப்பை மட்டும் பதிவிறக்கி, வீட்டு அடைவில் 'டெஸ்டேட்டா' என்று ஓர் அடைவை உண்டாக்கி அதில் வைத்து, 'டெஸ்டேட்டா ப்ரிஃபிக்ஸ்' என்ற சூழல் மாறியை (இதை மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில், இடைவெளிக்குப் பதில் அடிக்கோட்டுடன் தட்டுங்கள்) அந்த அடைவுக்குத் திருப்பினேன். ஒரு பக்கம்கூட ஓடவில்லை.

முதலில், பக்கத்தைத் திருப்புவதற்கான 'ஓஎஸ்டி' தரவு இல்லை என்றது. அதையும் கொண்டுவந்து வைத்தேன். அடுத்து ஏதோ ஓர் அளபுருக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது, இதற்குத்தான் ஒரு மாலை முழுவதும் போயிற்று. அந்த மாறியைத் திருப்பியதும் டெசராக்ட் தன் பழைய வீட்டை அறவே மறந்துவிடுகிறது. பழைய அடைவுக்குள் 'கான்ஃபிக்ஸ்' என்று ஓர் உள்ளடைவு இருக்கிறது, எந்த வடிவில் விடையைத் தர வேண்டும் என்று சொல்லும் சிறு கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. ஓசிஆர்-மை-பிடிஎஃப் அவற்றின் பெயரைச் சொல்லித்தான் டெசராக்டை அழைக்கிறது. ஆகவே தரவுக் கோப்பை மட்டும் தனியாக எடுத்துப் போகக் கூடாது. டெபியன் வைத்திருக்கும் டெஸ்டேட்டா அடைவை முழுதாக வீட்டுக்கு நகலெடுத்து, அதற்குள் 'டாம்' கோப்பை மட்டும் மாற்றி வைக்க வேண்டும்.

இணையத்தில் இருக்கும் பழைய செய்முறைகள், இந்த மாறியில் டெஸ்டேட்டாவுக்கு ஒரு படி மேலே உள்ள அடைவைக் கொடுக்கச் சொல்கின்றன. அது 3-ஆம் பதிப்புக்கு உரியது. இப்போது டெஸ்டேட்டா அடைவையே கொடுக்க வேண்டும்.

10 மார்ச் 2024, காலை 8.40

குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் இரவு போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் ஒரு கோப்பும் ஆகவில்லை. மாறியை '.பாஷ்ஆர்சி' கோப்பில் எழுதியிருந்தேன், க்ரான் அதைப் படிப்பதில்லை, '.லோக்கல்/பின்' அடைவும் அதற்குத் தெரியாது. மாறியையும் பாதையையும் ஷெல் நிரலின் தலையிலேயே எழுதிவிட்டேன். முதலிலேயே அங்கே எழுதியிருக்க வேண்டும்.

27 ஏப்ரல் 2024, இரவு 10.10

நிறுவல் பற்றிய இழையில் இது சற்று விலகல்தான், ஆனால் 'எல்லாம் சரியாக நிறுவியும் தேடினால் கிடைக்கவில்லை' என்று இருவர் கேட்டுவிட்டார்கள்.

ஒரு பக்கத்தில் 'மரம்' என்ற சொல் ஆறு முறை வருகிறது, என் கண்ணால் எண்ணினேன். தேடினால் இரண்டுதான் கிடைத்தது. 'மாம்' என்று தேடினேன், மீதி நான்கும் அகப்பட்டன. அந்தக் கால ஈய அச்சில் ரகரத்தின் அடிக்கால் தேய்ந்துபோயிருந்தால் அதற்கும் துணைக்காலுக்கும் வேறுபாடே இல்லை; மனிதன் சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான். சிறந்த தரவைப் போட்ட பிறகு அதே பக்கத்தில் 'மரம்' ஐந்து முறை கிடைத்தது. நேரம் ஏறக்குறைய இரு மடங்கு ஆயிற்று. எனக்கு அது கட்டுப்படியாகிறது.

இன்னொரு தொல்லைக்குத் தரவை மாற்றியும் தீர்வில்லை. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். துதிக்கை தூக்கிய 'லை' வருமிடத்திலெல்லாம் என் பக்கங்களில் வாய்க்கு வந்தது வந்திருக்கிறது. பெரியார் தம் குடி அரசு இதழில் 1935-லேயே புதிய வடிவங்களைக் கொண்டுவந்துவிட்டதால், அந்த வழியைப் பின்பற்றிய இதழ்களை ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் துன்பம் இல்லை. அப்பா சேர்த்து வைத்தது அவற்றில் ஒன்றல்ல. ஆகவே 'தலைவர்' என்று தேடாமல் 'வர்' என்று தேடி, வந்து குவிவதில் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

மொழியை 'டாம்+இங்' என்று இரண்டாகக் கொடுக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலச் சொல் கலந்த பக்கத்துக்கு அது தேவைதான். முழுக்கத் தமிழான பக்கத்துக்குக் கொடுத்தபோது, பகரம் ஆங்கில 'யூ' ஆகவும் டகரம் 'எல்' ஆகவும் ஆங்காங்கே மாறின. பக்கத்தைப் பார்த்து மொழியைக் கொடுங்கள்.

2 நவம்பர் 2024, மாலை 4.00

வெளியேறும் குறியீட்டு எண் 8 வந்தால் கடவுச்சொல் போட்ட கோப்பு என்று பொருள். கருவியிலோ நிறுவலிலோ கோளாறு இல்லை. மூன்றாம் முறையாக இதே கேள்வி வருகிறது.

14 செப்டம்பர் 2025, இரவு 9.30

ஆகஸ்டில் டெபியன் 13 வெளியானது. சென்ற வாரம் மாறினேன். மறுநாள் காலை ஷெல் நிரலை ஓட்டினால் 'ஓசிஆர்-மை-பிடிஎஃப் என்ற மாட்யூல் இல்லை' என்று வந்தது. மாட்யூல் அங்கேதான் இருந்தது, ஆனால் பைத்தான் 3.11-க்கான அடைவுக்குள். பிப்எக்ஸ் கட்டிய மெய்நிகர் சூழல் கணினியின் பைத்தானைச் சுட்டிக்கொண்டிருந்தது, அந்தப் பைத்தானோ இப்போது 3.13, அது தன் எண் போட்ட அடைவைத் தேடி, காணாமல் திரும்பியது. 'பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்' என்று ஒரு முறை தட்டியதும் எல்லாம் புதிய எண்ணுக்கு மாறின.

கோஸ்ட்ஸ்கிரிப்ட் இப்போது 10.05. ஆகவே '--அவுட்புட்-டைப் பிடிஎஃப்' என்பதை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன்; இனி வருபவை பிடிஎஃப்-ஏ வடிவிலேயே இருக்கும்.

15 செப்டம்பர் 2025, காலை 7.00

20 மாதங்களுக்கு முன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டெபியன் 13-இல் ஆப்ட் தருவதும் 16-ஆம் வரிசைதான். நான் பயன்படுத்தும் விருப்பங்கள் எல்லாமே அதில் இருக்கின்றன. அப்படியென்றால் டெசராக்ட், கோஸ்ட்ஸ்கிரிப்ட், பைத்தான் மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த மாற்றத்தின்போது மூன்றும் சேர்ந்தே நகரட்டும். புதிய பதிப்பில் மட்டும் இருக்கும் ஏதேனும் ஒன்று வேண்டும் என்கிறவர்கள் பிப்எக்ஸிலேயே இருக்கலாம். 2024-இல் பிப்எக்ஸ் என்று சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. அன்றைக்கு ஆப்ட் இரண்டு வரிசை பின்தங்கியிருந்தது. ஆனால் அன்று நான் புதிய வரிசையிலிருந்து எதைப் பயன்படுத்தினேன் என்று இப்போது யோசித்தால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் பற்றிய அந்த எச்சரிக்கை ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

பிப்எக்ஸிலிருந்து நீக்கிவிட்டு, ஆப்ட் வழியாக நிறுவினேன்.

15 செப்டம்பர் 2025, காலை 7.25

நிறுவிய கையோடு அதே முனையத்தில் ஓட்டிப் பார்த்தால் '.லோக்கல்/பின்' அடைவில் அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது. இல்லைதான், நானே நீக்கினேன். ஆப்ட் வைத்தது 'யூஎஸ்ஆர்/பின்' அடைவில் இருக்கிறது, அதை ஏன் பார்க்க மறுக்கிறது என்று பத்து நிமிடம் விழித்தேன். கட்டளை ஒன்றை முதல் முறை கண்டுபிடித்த இடத்தை, முனையத்தில் ஓடும் ஷெல்லான பாஷ் நினைவில் வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை தேடாமல் நேரே அங்கேயே போகிறது. 'ஹாஷ் -ஆர்' என்று தட்டினேன், மறந்துவிட்டது. 1965 ஜனவரி இதழ் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.